வந்திக்கு ஓர் ஆள்
(செல்லூர், ஆவணித் திருவிழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



ஆவணித் திங்களில் மதுரையில் மேடையேறுகிறவன் பிட்டுக்கு மண் சுமந்த பெருமானைப் பாடாமல் இறங்கினால், கேட்க வந்தவர்கள் அவனை எளிதில் விடமாட்டார்கள். அதிலும் இது செல்லூர். வைகையின் வடகரை. ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் அருளிய திருவாப்பனூர். சிவபூசை செய்யாமல் உண்ணாத பாண்டியன் ஒருவன் பசியால் வாடியபோது, அமைச்சர் நட்டுவைத்த ஓர் ஆப்பைச் சிவலிங்கமென்று எண்ணி வணங்கினான். அந்த ஆப்பிலேயே இறைவன் எழுந்தருளினான் என்பது இத்தலத்தின் வரலாறு. இருப்பிடம் எதுவென்று பாராமல் குடிகொண்ட பெருமானின் ஊரில், இருக்க இடமில்லாதவர்களைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர்களுடைய கண்களைப் பற்றியும்.

"கோயில் மேடையில் கண் வைத்தியமா?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஐயா, நம் ஊரை ஆள்பவளின் திருப்பெயரே கண்ணைக் குறித்தது. அங்கயற்கண்ணி. மீன் தன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், அதுபோல அன்னை கண்ணாலேயே உயிர்களைக் காக்கிறாள் என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். கண்ணைப் பற்றி இந்த ஊர்க் கோயிலில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

முதலில் மண் சுமந்த கதையைப் பார்த்துவிடுவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவது திருவிளையாடல் அது. வைகை பெருக்கெடுத்துக் கரையை உடைக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் கரையை அளந்து, வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று ஆணையிடுகிறான். வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு வந்து சேருகிறது. பிட்டு அவித்து விற்று வயிறு வளர்ப்பவள். கணவனில்லை, மகனில்லை, உற்றார் ஒருவருமில்லை. கூலிக்கு ஆள் தேடினாலும் ஊரே கரையில் நிற்கிறது, ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் பெருமான் அழுக்குத் துணியும் தலையில் சும்மாடும் கூடையும் மண்வெட்டியுமாக, "கூலிக்கு ஆள் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு தெருவில் வருகிறார். உதிர்ந்த பிட்டே கூலி. தின்றதும் ஆடியதும் உறங்கியதும் பிரம்படி பட்டதும், அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் கருவிலிருந்த குழந்தையின் முதுகிலும் விழுந்ததும் நீங்கள் அறிந்தவை. ஆண்டுதோறும் பிட்டுத் தோப்பில் கண்ணாரக் காண்கிறீர்கள்.

பிரம்படியை எல்லாரும் விரித்துப் பேசுவார்கள். அதற்கு முந்திய ஓர் இடத்தில்தான் அடியேன் நெடுநேரம் நிற்பதுண்டு. பாண்டியன் ஆணையில் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. நேர்மையான ஆணை. ஆயினும் அது வந்தியின் தலையில் இடியாக இறங்கியது. ஏன்? வீடு என்றால் அதில் ஓர் ஆள் இருப்பான் என்று எண்ணி எழுதிய ஆணை அது. ஆள் இல்லாத வீடும் ஊரில் உண்டு என்பது எழுதியவன் நினைவில் இல்லை. பெருமான் வந்திக்குப் பொற்கிழி கொடுக்கவில்லை. வரி விலக்கும் வாங்கித் தரவில்லை. அவளுக்கு எது இல்லையோ அதுவாக வந்தார். அவளுடைய ஆளாக வந்தார்.

அந்த வந்தி இன்றும் வைகைக் கரையில் இருக்கிறாள். இரவில் பாலங்களின் அடியிலும், புகைவண்டி நிலையத்தின் வெளியிலும், பேருந்து நிலையத் திண்ணையிலும், கோயில் மதிலோரத்திலும் துணியை விரித்துப் படுப்பவர்களைப் பாருங்கள். முதியவர்கள் பலர். அவர்களில் சிலர் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. குரல் வரும் திசைக்குக் காதைத் திருப்புகிறார்கள். சில்லறையைக் கையில் வாங்கி விரல் நுனியால் தடவி எண்ணுகிறார்கள். விழியின் நடுவே பால் உறைந்தாற்போல் வெண்மை தெரியும். அதுதான் கண்புரை. 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் பார்வையற்றோர் என்றும், அந்தப் பார்வையின்மையில் மூன்றில் இரு பங்கு கண்புரையால் வந்தது என்றும் கண்டார்கள். அறுவை செய்தால் திரும்பக் கிடைக்கும் பார்வை அது. வீட்டிலிருப்பவர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், கணக்கெடுக்க வருகிறவன் தட்டுவதற்குக் கதவே இல்லாதவர்களின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இவர்கள் பிறக்கும்போதே தெருவில் பிறந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். நாற்பது வயதைத் தாண்டிய நெசவாளிக்கு வெள்ளெழுத்து வருகிறது. அறுந்த பாவிழையை எடுத்துக் கோக்க விளக்கினருகே போகிறான். பிறகு மகளைக் கூப்பிடுகிறான். பிறகு துணியில் குறை விழுகிறது, கூலியில் பிடிக்கிறார்கள். ஒரு சாதாரணக் கண்ணாடி போதும், அவன் இன்னும் பல ஆண்டு நெய்வான். அசாமிலே தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர் 751 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளிவந்தது. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அதிகமாக இலை பறித்தார்கள். இலை பறிப்பதிலேயே இவ்வளவு என்றால், நூல் பிடிக்கிறவனுக்கு எவ்வளவு! அந்தக் கண்ணாடி கிடைக்காதவனுக்கு முதலில் கூலி குறைகிறது, பிறகு வேலை போகிறது, வாடகை நிற்கிறது. மனைவி இருக்கும்வரை ஒருவாறு ஓடும். அவளும் போய்விட்டால் மகன் வீட்டுத் திண்ணை. அங்கே ஒரு சொல் தடித்தால் வீதி. பார்வை மங்கியது வீதிக்கு வந்தபின் அன்று. பலருக்கு அவர்களை வீதிக்குக் கொண்டுவந்ததே அதுதான்.

இதற்கு மருந்தில்லாத ஊரா மதுரை? உலகத்துக்கே கண் வைத்தியத்தில் வழிகாட்டிய ஊர். இதே வடகரையில், கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், அண்ணாநகரில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோவிந்தப்பா வேங்கடசாமி என்னும் மருத்துவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. இளமையில் மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணல் விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கி, தம் வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். 2006-இல் மறைந்தார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பர், முடியாதவர்க்கு இலவசம், இருவருக்கும் கத்தி ஒன்றே. அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. நாடு தழுவிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976-இல் தொடங்கியதுதான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பழைய நாளில் புரை எடுத்தவர்கள் 'சோடாப்புட்டிக் கண்ணாடி' போட்டிருந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். புரையோடு கண்ணின் இயற்கை ஆடியையும் எடுத்துவிடுவதால், அந்தத் தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் அறுவை செய்தும் கண் தெரியாது. வீட்டில் இருப்பவன் இரவில் அதை மாடத்தில் வைப்பான். வீதியில் படுப்பவன் எங்கே வைப்பான்? உடைந்தால் போயிற்று; திருடுபோனால் போயிற்று; பெற்ற கண் மீண்டும் இருண்டது. பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை ஆடி வந்தது. அயல்நாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையிலேயே அரோலேப் என்னும் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கி, விலையை மிகச் சிறு பங்காகக் குறைத்தது. அதைச் செய்தவர்கள் ஏழை எளியோர் அனைவரையும் எண்ணித்தான் செய்தார்கள். ஆனாலும், எவரும் களவாட முடியாத, உறக்கத்தில் புரண்டாலும் உடையாத ஓர் ஆடியினால் பெரும்பயன் அடையக்கூடியவன் நடைபாதையில் படுப்பவனே.

மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், காசு வேண்டாம், தொலைவும் இல்லை. பின் ஏன் அந்த வெண்ணிற விழிகள் நம் மதிலோரத்தில் இருக்கின்றன?

கண் முகாம்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். புரை கண்டவர்களைப் பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவார்கள். உணவு உண்டு, படுக்கப் பாய் உண்டு, அறுவை உண்டு. பிறகு அதே பேருந்தில் ஊரில் கொண்டுபோய் விடுவார்கள். சில வாரம் கழித்து அதே ஊரில் மீண்டும் பார்ப்பார்கள். கிராமத்து ஏழையை நினைத்து, அவன் அச்சத்தையும் வறுமையையும் நினைத்து, அருளோடு அமைத்த முறை. பழுது சொல்ல இடமில்லை. ஆனால் பாண்டியன் ஆணையைப் போலவே இதுவும் ஒன்றை எண்ணிக்கொண்டு அமைந்தது. ஊரில் கொண்டுபோய் விடுவார்கள் என்றேனே, பாலத்தடியில் இருப்பவனை எந்த ஊரில் கொண்டுபோய் விடுவது?

அறுவை முடிந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். முதலில் நாளுக்குப் பலமுறை, பிறகு படிப்படியாகக் குறைத்து, 4 முதல் 6 வாரம். தூசி படக்கூடாது, அழுக்குத் தண்ணீர் படக்கூடாது, கையால் கசக்கக்கூடாது. வலித்தாலோ, சிவந்தாலோ, வந்த பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்; உள்ளே கிருமி புகுந்தால் இரண்டொரு நாளில் கண்ணையே கொண்டுபோய்விடும். வீடுள்ளவனுக்கு மருமகள் சொட்டு விடுவாள், பேரன் கையைப் பிடித்து அழைத்துப் போவான். வீதியில் இருப்பவன் மருந்துப் புட்டியை எங்கே வைத்துக்கொள்வான்? லாரிப் புழுதியைக் கண்ணில் படாமல் எப்படி ஒதுக்குவான்?

சென்ற ஆண்டு ஆற்றுப் படித்துறைப் பக்கம் ஒரு மூதாட்டியிடம் அடியேன் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். "ஆத்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், காசு கிடையாது, இரண்டு நாளில் வந்துவிடலாம், வருகிறாயா?" என்றேன். அவள் சிரித்தாள். "நான் வந்துட்டா இந்த மூட்டையை யாரு சாமி பாத்துக்குவா? ரெண்டு நாள் கழிச்சு வந்தா இந்த எடத்துல வேற ஆளு படுத்திருப்பான்" என்றாள். அந்த மூட்டையில் ஒரு சேலை, ஒரு போர்வை, ஓர் ஈயத் தட்டு. நமக்கு அது மூட்டை. அவளுக்கு அதுதான் வீடு, வாசல், நிலம், நகை எல்லாம். கண் கிடைக்கும் என்பதற்காக நாம் நம் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவோமா?

அறிவில்லாமல் வர மறுக்கிறார்கள் என்று சொல்வது எளிது. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கண் குறையுடையோரில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே என்று காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சமும் உண்டு, செலவும் உண்டு, வீட்டுப் பொறுப்பும் உண்டு. 1991-இல் வெளிவந்த மதுரைப் பக்கத்து ஆய்வு ஒன்று, அறுவையை மட்டும் இலவசமாக்குவது போதாது, போக்குவரத்தையும் உணவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கூடுதலானவர் வருகிறார்கள் என்று காட்டியது. அதாவது, கத்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சிறு சிறு காரியங்களில்தான் ஏழையின் கண் சிக்கிக்கொண்டிருக்கிறது.

கண்புரையாவது காத்திருக்கும். காத்திராத நோய் ஒன்றும் நம் மாவட்டத்தில் மிகுதி. கருவிழிப் புண். 1993-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு அது வந்தது. அமெரிக்காவில் கண்ட அளவைப்போல் பத்து மடங்கு. கதிர் தாளோ, உமியோ, குச்சியோ, மண்துகளோ கருவிழியைக் கீறுகிறது. கீறலில் கிருமி புகுகிறது. நம் வெப்பப் பகுதியில் ஏறத்தாழப் பாதி இடங்களில் அது பூஞ்சைக் காளான். நாட்டு வைத்தியமென்று பச்சிலைச் சாறு பிழிகிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள். தாய்ப்பாலில் அன்பு இருக்கிறது; காளானுக்கு அன்பு தெரியாது. மருந்துக் கடையில் தாமாகவே சொட்டு வாங்கி விடுகிறவர்களும் உண்டு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய். தக்க மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு தரம், இரவிலும்கூட, விட்டு வர வேண்டும். தவறினால் கருவிழி வெளுத்துத் தழும்பாகிவிடும். மணிக்கொரு தரம்! கடிகாரம் இல்லாதவனுக்கு, உடன் ஒருவர் இல்லாதவனுக்கு. ஆகவே வீதியோரத்தில் ஒருவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நீர் வடிய உட்கார்ந்திருக்கக் கண்டால், அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றுங்கள். நாளைக்கு என்பது அங்கே மிக நீண்ட காலம்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதையும், கண்ணின் உள்ளழுத்தம் கூடிச் சத்தமில்லாமல் பார்வையை அரித்துவிடும் நோயையும் விரித்தால் பொழுது போதாது. போன பார்வை அவற்றில் பெரும்பாலும் திரும்பாது; நாற்பதைக் கடந்தவர் ஆண்டுக்கொரு முறை காட்டிக்கொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன்.

"இதெல்லாம் சரி, அவர்களில் பாதிப் பேர் குடித்துக் கெட்டவர்கள், பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், தாமே தேடிக்கொண்ட வினை" என்று சொல்லுவோர் உண்டு. சைவ மேடையில் நின்று அதற்கு விடை சொல்வது அடியேனுக்கு எளிது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்தது எதனால்? பிறர் செய்த தீங்கினாலா? திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்து, அந்தச் சூளைத் தாமே மீறி எல்லை கடந்தார். கடந்த அடியிலேயே கண் மறைந்தது. குற்றம் அவருடையதுதான். அதைச் சேக்கிழார் பெருமானும் மறைக்கவில்லை, சுந்தரரும் மறைக்கவில்லை. அந்த நிலையில் ஊர் ஊராகத் தடவி நடந்தார். சேரமானுக்குத் தோழர், பரவையார் மாளிகைக்கு உரியவர். அந்த நாட்களில் அவருக்கு வழிதான் வீடு.

திருவெண்பாக்கத்துக்கு வந்து, இறைவா, இங்கே இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போம் என்று அயலார் போல ஒரு விடை வருகிறது. தோழன் சினந்திருக்கிறான். ஆயினும் ஒன்று கொடுக்கிறான்: ஓர் ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியில்தான் கிடைத்தது. வலக்கண் திருவாரூரில்தான் கிடைத்தது. நீண்ட வழி. அவ்வழியைக் கடக்க முதலில் கோல் கொடுத்தான். குற்றத்துக்கான தண்டனை கண்ணோடு நின்றது. கோலை மறுக்கும் அளவுக்குப் போகவில்லை. அந்தப் பழைய தலம் 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது நீரில் மூழ்கிற்று. கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டினார்கள். ஊன்றீசுவரர் என்ற திருநாமத்தோடு இன்றும் பெருமான் அங்கே இருக்கிறார்.

கண் கொடுப்பது மருத்துவரின் தொழில். அதை அவர்கள் செவ்வையாகச் செய்கிறார்கள். கண்ணுக்குப் போகும் வழிக்கும், கண் பெற்று வந்த வழிக்கும் கோல் வேண்டியிருக்கிறது. அதற்குக் கத்தி பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரிய தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். குளத்துக்குள் ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அங்கும் மண் சுமத்தல்தான். கயிறு இருந்தவரை அவர் எவருக்கும் பாரமாக இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் ஒரு சான்று உண்டு. பிரான்சு நாட்டு அரசன் ஒன்பதாம் லூயி, ஏறத்தாழ 1260-இல், பாரிஸ் நகரத்துப் பார்வையற்ற ஏழைகள் 300 பேருக்கு ஓர் இல்லம் கட்டினான். 'பதினைந்து இருபதுகள்' என்று அதற்குப் பெயர்; பதினைந்தை இருபதால் பெருக்கிப் பாருங்கள். கண்புரைக்குத் தகுந்த வைத்தியம் இல்லாத காலம் அது. அவனால் கண் கொடுக்க முடியவில்லை, கூரை கொடுத்தான். நூற்றாண்டுகள் கழித்து அந்த இல்லம் கண் மருத்துவமனையாக வளர்ந்து, இன்று அந்நாட்டின் பெரிய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இருக்கிறது. அங்கே கூரை முன்னே வந்தது, கத்தி பின்னே வந்தது. நம் மதுரையில் கத்தி வந்துவிட்டது; கூரைக்காகக் காத்திருக்கிறோம்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. காஞ்சிக்குத் தென்கிழக்கே திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கோயிலைச் சார்ந்த மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர். அதோடு கல்வெட்டு முடியவில்லை. மருந்து கொண்டுவர இருவர், நோயாளிகளை உடனிருந்து பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர் என்று அவர்களுக்கும் நெல் அளந்து எழுதியிருக்கிறார்கள். உடனிருப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று கல்லில் வெட்டிவைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். மங்கம்மாள் சத்திரத்தைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே நாள்தோறும் பார்க்கிறோம். வழிப்போக்கனுக்குத் திண்ணை வைக்காமல் வீடு கட்டாத ஊர் இது. இப்போது திண்ணைக்கும் இரும்புக் கம்பி போடுகிறோம், எவனாவது படுத்துவிடுவானோ என்று.

அரசின் கடமையும் இருக்கிறது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம், ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் நகரங்களில் வீடற்றோர் இல்லம் வேண்டும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 பேர் தங்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடியாவது இடம் வேண்டும் என்று வகுத்தது. மதுரை மாநகரின் மக்கள்தொகை 2011-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. எத்தனை இல்லம் வேண்டும் என்பது குழந்தையும் சொல்லும் கணக்கு. அதைக் கேட்டு வாங்குவது குடிமக்களாகிய நம் வேலை. அந்த இல்லங்களில் கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கென்று தூசியில்லாத நாலு கட்டில் தனியே வேண்டும் என்று சேர்த்துக் கேட்பதும் நம் வேலை.

அதுவரை என்ன செய்வது? 4 முதல் 6 வாரம் என்றேன். ஏறக்குறைய ஒரு மண்டலம். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் இருக்கிறோம். முருகனுக்குப் பாத யாத்திரை போகக் காப்புக் கட்டுகிறோம். ஒரு தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே ஒரு முதியவருக்கு ஒரு மண்டலம் ஆளாக நின்றால் போதும். காலையில் சொட்டு விடுவது ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. மருத்துவமனையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள். அவர் திரும்பி வரும்வரை அந்த மூட்டை உங்கள் வீட்டுப் பரணில் இருக்கட்டும்; கண்முன்னே முடிச்சுப் போட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று அவர் கையால் தொட்டுப் பார்க்கச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். படுக்க, இந்தக் கோயிலின் பின்புற மண்டபத்தை ஒட்டிய அறையைச் சுத்தம் செய்து கொடுக்கலாம் என்று நிர்வாகத்தாரும் இசைந்திருக்கிறார்கள். சொட்டு விடும் முறையை எவரும் கற்றுக்கொள்ளலாம்: கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கீழிமையை மெல்ல இழுக்க வேண்டும், ஒரு துளி, புட்டியின் நுனி கண்ணில் படக்கூடாது. அவ்வளவுதான். அபிடேகத்துக்குப் பால் குடம் ஏந்தும் கைக்கு இது கடினமன்று.

இன்னொன்று. போய் நின்று, வா, கண் காட்டலாம் என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எத்தனையோ பேர் எத்தனையோ பெயர் சொல்லி அவர்களை இழுத்துப் போயிருக்கிறார்கள், அஞ்சுவார்கள். உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊர், என்ன தொழில் செய்தார் என்று கேளுங்கள். நெய்தவர் என்றால் என்ன துணி நெய்தார் என்று கேளுங்கள். செல்லூர்க்காரர் கேட்டால் பேசுவார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கண்ணைப் பற்றிக் கேட்கலாம். பெருமானும் வேலையைத் தொடங்குமுன் வந்தியிடம் பசிக்கிறது என்றுதான் பேசினார்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு தெற்கு வாசல் வழியாகப் போகிறவர்கள், மதிலோரத்தில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள், மேடைக்கு வருமுன் எண்ணிப் பார்த்தேன். அவர்களில் மூவருக்கேனும் புரை முற்றியிருக்கிறது. பெயர் கொடுக்க விரும்பும் வீட்டார் கொடிமரத்தருகே நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் தம்பியிடம் சொல்லுங்கள். எந்த வேளைக்கு வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், காலையா, மாலையா என்று. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வண்டி புறப்படுகிறது.

திருச்சிற்றம்பலம்.